விதைப்பானை இருந்த இடம்

புதையல் கிடைக்கிற படம் எதையும் நான் பார்ப்பதில்லை. மத்தியான நேரத்தில் டிவியில் அந்தக் காலத்துப் படம் போடுவார்கள். கிழிசல் கட்டிய ஒருத்தன் மண்ணைத் தோண்டுவான், ணங்கென்று சத்தம் வரும், பானை வரும், அவன் முகத்தில் வெளிச்சம் அடிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டாலே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். "இன்னாம்மா உனக்கு, சிரிப்புப் படந்தானே, குந்திப் பாரேன்" என்பான் என் மகன். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்குகிற கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்து காலை நீட்டிக்கொண்டு பார்க்கிறவனுக்கு வேறு என்ன தெரியும்? அவனிடம் இதை நான் சொன்னதே இல்லை. சொன்னால் சிரிப்பான். சிரித்தால் எனக்குக் கோபம் வரும். எனக்குக் கோபம் வந்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கதை.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. என் வீட்டுக்காரர் டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டர். கல்யாணமாகி வந்த மறு வருஷமே என்னையும் கொட்டகை வேலையில் இழுத்துப் போட்டுவிட்டார்கள். பெண்கள் பக்கம் டிக்கெட் கொடுக்க, கிழிக்க, இடத்துக்கு அடித்துக்கொள்கிறவர்களை விலக்க ஒரு வாய்க்காரி வேண்டுமாம். என்னைவிட வாய்க்காரி அந்தத் தாலுகாவிலேயே கிடைக்கமாட்டாள் என்று மேனேஜர் சொன்னார். நான் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன். முதலாளி பழவேற்காட்டு பாய் ஒருவர். கருவாட்டு வியாபாரக் குடும்பம், சினிமா அவருக்கு ஒரு ஆசை. மாதம் ஒருமுறை வந்து "இன்னாம்மா, ஜனம் வருதா, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போவார். மற்றபடி எல்லாம் மேனேஜர் ராஜ்ஜியம்தான்.

அந்த வருஷம் கொட்டகையைத் திருவாலங்காடு ஸ்டேஷனிலிருந்து ஒரு மைல் தள்ளி, ஏரிக்கரைக்குக் கீழே போட்டிருந்தோம். கொட்டகைக்குப் பின்னால் எங்கள் குடிசை. அதை ஒட்டி இன்னொரு குடிசை, ஒரு புருஷன் பெண்டாட்டி. அந்தப் பெண் என்னைவிட இரண்டு வயது சின்னவள். அவர்களுக்கென்று ஒரு சாண் நிலம் கிடையாது. ஊர்ப் பெரியதனக்காரர் ஒருவரின் அரைக் காணியைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்தார்கள். முந்தின இரண்டு வருஷமும் மழை ஏமாற்றி, ஏரி வெடித்துக் கிடந்து, விளைந்தது வைக்கோலுக்குத்தான் ஆயிற்று. அவள் வயல் வரப்பில் கிடைக்கிற கீரையை மடியில் கட்டிவந்து எனக்குக் கொடுப்பாள். நான் அவளை வாரத்தில் ஒரு நாள் டிக்கெட் இல்லாமல் படம் பார்க்க விடுவேன். "யக்கா, நீ இல்லாங்காட்டி எனக்குப் பைத்தியம் புடிச்சிரும்" என்பாள். நான் "இப்ப மட்டும் இன்னா, புடிக்காமலா கீது?" என்பேன். அப்படி ஒரு சிநேகிதம்.

அவள் வீட்டில் ஒரு பானை இருந்தது. கிச்சிலிச் சம்பா விதைநெல். வேப்பிலையும் நொச்சியிலையும் போட்டு, வாயைச் சாணத்தால் மெழுகி, மேலே மஞ்சளும் குங்குமமும் வைத்து, மூலையில் சாமி மாதிரி வைத்திருந்தாள். மூன்று வேளையும் கேழ்வரகுக் கூழ், அதுவும் இல்லாத நாளில் வெறும் புளித்தண்ணீர். அந்த வீட்டில் அந்தப் பானை மட்டும் நிறைந்து உட்கார்ந்திருந்தது. ஒருநாள் அவள் புருஷன் காய்ச்சலில் படுத்துக் கிடந்தபோது, "ரெண்டு படி எடுத்துக் குத்திக் கஞ்சி வெச்சிக் குடேன்டி, பானை நெறைய நெல்லை வெச்சிக்கினு பட்டினி கெடக்குறியே" என்று சொல்லிவிட்டேன். அவள் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.

"யக்கா, வாயால கூட சொல்லாத. அதத் தொட்டா கை அழுவிப் பூடும். அது எங்க நெல்லு இல்ல. நெலத்தோட நெல்லு."

அந்த ஊர் முழுக்க அப்படித்தான். பிள்ளை பசியில் கத்தும், பானையைத் தொடமாட்டார்கள். நாங்கள் ஊர் ஊராகக் கொட்டகை தூக்கித் திரிகிறவர்கள், எங்களுக்கு அது விளங்கவில்லை. எனக்குக் கேலியாகக்கூட இருந்தது.

அந்தப் படம் வந்தது ஆனி கடைசியில். எங்களுக்கு வருவதற்கு முன்னால் திருவள்ளூர் டவுன் தியேட்டரில் ஓடியது. வீட்டுக்காரர் படம் ஓட்டுகிற மெஷினுக்குக் கார்பன் குச்சி வாங்கப் போனபோது என்னையும் கூட்டிப் போனார், அங்கேயே பார்த்துவிட்டோம். கதை இதுதான். ஒரு பஞ்சம் பிடித்த கிராமம். அதில் ஒரு சோம்பேறி, அவனுக்கு ஒரு வெகுளிப் பெண்டாட்டி. ஒருநாள் வாசலில் மஞ்சள் துணி கட்டி, வேப்பிலை செருகி, இடுப்பில் சட்டியோடு ஒரு பிச்சைக்காரி வந்து நிற்பாள். அவள்தான் அம்மன், மாறுவேஷத்தில். கூழ் கொடுத்தால் வேண்டாம் என்பாள். கட்டியிருக்கிற துணியைக் கொடுத்தாலும் வேண்டாம் என்பாள். "எதத் தொடமாட்டேன்னு வெச்சிருக்கியோ அதக் கொடு" என்பாள். பெண்டாட்டி அழுதுகொண்டே விதைநெல் பானையைத் தூக்கிக் கவிழ்ப்பாள். சட்டி நிறையவே நிறையாது, பானை காலியானதும் நிறையும். "பானை இருந்த எடத்தத் தோண்டு" என்று சொல்லி அம்மன் மறைந்துவிடுவாள். தோண்டினால் தங்கம். இது முதல் பாதி.

இரண்டாவது பாதியில்தான் படம் எடுத்தவன் தன் குசும்பைக் காட்டியிருந்தான். விஷயம் தெரிந்து ஊரே விதைநெல்லைக் கொட்டிவிட்டுத் தோண்டும். ஊருக்கே தங்கம் கிடைக்கும். அப்புறம் யார் ஏர் பூட்டுவார்கள்? நாவிதன் சிரைக்கமாட்டேன் என்பான், குயவன் சக்கரத்தைத் தொடமாட்டேன் என்பான், எல்லாரும் பட்டுத் துணி கட்டிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள். விதைக்க விதை இல்லை, தின்ன நெல் இல்லை. வழியில் போகிற வியாபாரி ஒரு அகப்பை கூழுக்கு ஒரு கூடைத் தங்கம் கேட்பான். கடைசியில் அந்தப் பெண்டாட்டி பசி தாங்காமல் தங்கக் காசைக் கடித்துப் பார்ப்பாள், பல் உடைந்து விழும். திருவள்ளூரில் அந்த இடத்தில் ஜனம் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். அதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

எங்கள் கொட்டகையில் அதே படம் வேறு படமாக ஓடியது. முதல் பாதியில் அந்தச் சோம்பேறி ஓட்டைச் சட்டியில் கூழ் குடிக்கப் போய் மார்பெல்லாம் வழியும். டவுனில் அதற்கு ஒரே சிரிப்பு. எங்கள் மணல் தரையில் ஒருத்தர் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து "ஐயோ, கூழு போவுதே" என்று ஒரு குரல் வந்தது. விதைநெல்லைக் கவிழ்க்கிற இடத்தில் ஒரு விசும்பல் கிளம்பி, பிறகு ஐம்பது அறுபது பெண்களும் மூக்கைச் சிந்தினார்கள். பக்கத்துக் குடிசைக்காரி முதல் வரிசையில் மணலைக் குவித்து அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குக் காசு கொடுத்துத்தான் வந்தாள். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டிருந்தாள். படத்தில் பெண்டாட்டி கடப்பாரையைத் தூக்கினாள், அந்த நேரம் பார்த்துப் பிலிம் அறுந்தது. வீட்டுக்காரர் கொஞ்சம் வெட்டி ஒட்டி ஓட்டினார். மறுபடி படம் வந்தபோது தங்கப் பானை அவள் கையில் இருந்தது. பிலிம் அறுவதெல்லாம் எங்கள் ஜனத்துக்குப் பழக்கம், அதற்காக யாரும் சத்தம் போடவில்லை.

சத்தம் போட்டது இடைவேளைக்குப் பிறகு. ஒரே படப் பெட்டியை இரண்டு கொட்டகை வைத்து ஓட்டுவது அப்போது வழக்கம். திருப்பாச்சூர் பக்கம் இருந்த இன்னொரு கொட்டகையில் சீக்கிரமே ஆட்டம் ஆரம்பிப்பார்கள். அங்கே ஒரு பாதி முடிந்ததும் அந்தப் பெட்டியைச் சைக்கிளில் கட்டி எங்களுக்கு அனுப்புவார்கள். அன்றைக்கு முதல் பாதிப் பெட்டி வந்தது, இரண்டாவது பெட்டி வரவில்லை. அங்கே மெஷின் படுத்துவிட்டது என்று சைக்கிள்காரன் வெறுங்கையோடு வந்து நின்றான். ஆண்கள் பக்கம் விசில், கூச்சல். மணலை வாரித் திரையில் அடித்தார்கள். மேனேஜர் வேர்த்து விறுவிறுத்து என்னிடம் ஓடி வந்தார்.

"ஏம்மா, நீதான் திருவள்ளூர்ல பாத்துட்டியே. மிச்சக் கதையச் சொல்லி அனுப்பும்மா. இல்லன்னா கொட்டாய கொளுத்திட்டுப் போவானுங்க."

"நானா? எனக்கு இன்னா தெரியும்?"

"ஊரு வாயை எல்லாம் அடைக்கிற இல்ல, இப்ப உன் வாயத் தொற" என்று சொல்லி மைக்கைக் கையில் திணித்துவிட்டார்.

அதற்கு முன்னால் நான் மைக்கைத் தொட்டதே இல்லை. ஆபரேட்டர் அறை வாசலில் நின்று பேசினேன். என் குரல் எனக்குப் பக்கத்தில் கேட்கவில்லை. தூரத்தில், திரைக்குப் பின்னால் இருந்த பெட்டியிலிருந்து கேட்டது. கூச்சல் அடங்கிவிட்டது. எல்லாரும் வெறும் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் அவர்கள் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. காய்ந்த முகம், பிள்ளை மடியில், வாய் பிளந்து காத்திருக்கிறார்கள். இவர்களிடம் போய், அப்புறம் அவர்கள் எல்லாரும் முட்டாளானார்கள், பட்டினி கிடந்தார்கள், பல் உடைந்தது என்று எப்படிச் சொல்வது? என் நாக்கு தானாக வேறு வழியில் போயிற்று.

அந்தத் தங்கத்தை வைத்து அவள் ஏரியைத் தூர் வாரினாள் என்றேன். ஊரில் எல்லார் வீட்டிலும் அரிசிச் சோறு என்றேன். அவள் புருஷன் திருந்தி ஏர் பிடித்தான் என்றேன். பெண்கள் பக்கத்திலிருந்து "ம்... ம்..." என்று கேட்கக் கேட்க எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. கடைசியில் என் சொந்தச் சரக்கையும் சேர்த்தேன். "விதையக் குடுத்த அந்தப் பொண்ணு ஊட்டுல வருஷா வருஷம் பானை தானா நெறைஞ்சிக்கினே இருந்துச்சி. சுபம்."

கை தட்டினார்கள். எனக்குத் தட்டினார்கள்! மேனேஜர் ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்காரர் மட்டும் மெஷினைத் துடைத்துக்கொண்டே, "கதையே மாறிப் போச்சேடி" என்றார். "உனக்கு இன்னாய்யா போச்சி, ஜனம் சந்தோஷமா போவட்டுமே" என்றேன்.

மறுநாள் இரண்டு பெட்டியும் ஒழுங்காக வந்தன. அன்றைக்குப் பெரும்பாலும் வெளியூர் ஜனம், மாட்டு வண்டி கட்டி வந்திருந்தார்கள். உள்ளூரில் ஒரு இருபது பேர் மட்டும், "நேத்து பாதிதான் பாத்தோம், உள்ள வுடு" என்று என் வாசலில் வந்து மொய்த்தார்கள். புது டிக்கெட் இல்லாமல் ஒரு ஆளை விட்டாலும் என் வேலை போய்விடும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஒரு மணி நேரமாக அவர்களோடு கத்திக் கத்தி என் தலை வெடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். முந்தின நாள் நான் கிழித்துக் கொடுத்த பாதி டிக்கெட்டை முந்தானை முடிச்சிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"யக்கா, நேத்து நீ சொன்னத கண்ணால ஒரு தபா பாத்துட்டு வந்துடுறேன். அந்தப் பானை நெறையிற எடம் மட்டும்."

ஒரு வார்த்தை, காதோடு காதாக "அப்புறம் வா" என்று சொல்லியிருக்கலாம். பின்பக்கத் தட்டியைத் தூக்கிவிட்டிருக்கலாம், எத்தனை நாள் அப்படி விட்டிருக்கிறேன். அன்றைக்கு இருபது பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளை விட்டால் எல்லாரையும் விட வேண்டும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இது ரோஸ் கலர். இன்னிக்குப் பச்சை. கண்ணு தெரியலியா? நேத்து டிக்கெட்டுக்கு இன்னிக்கு ஏதுடி ஆட்டம்? அதான் கதைய முழுசா சொல்லிட்டேனே, அப்புறம் இன்னா பேஜாரு பண்ற? போடி அப்பால!"

அந்தப் பாதி டிக்கெட்டைப் பிடுங்கிச் சுக்குச் சுக்காகக் கிழித்துப் போட்டேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று. திரும்பிப் போனாள். அவள் உள்ளே போயிருந்தால் அந்தப் பல் உடைகிற இடத்தைப் பார்த்திருப்பாள். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் கீரை கொண்டுவரவில்லை, நானும் போய்க் கூப்பிடவில்லை. எனக்கு வீம்பு. கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும், தானாக வருவாள் என்று இருந்தேன். படமும் மாறிப் போயிற்று. ஆடி பிறந்தது. அந்தப் பக்கத்தில் ஆடி பிறந்தால் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். வேண்டிக்கொண்ட பெண்கள் மஞ்சள் துணி கட்டி, வேப்பிலை செருகி, சட்டியோடு வீடு வீடாகப் போய்ப் பிச்சை எடுத்துத்தான் அந்தக் கூழைக் காய்ச்ச வேண்டும். வசதியானவர்கள்கூட அப்படி வருவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அப்படி ஒருத்தி என் வாசலில் நின்றாள். பள்ளிப்பட்டுப் பக்கத்துக்காரி, பேச்சில் தெலுங்கு வாடை அடித்தது. கூடவே ஒரு ஆள் கோணிப் பையோடு நின்றான். நான் ஒரு கை கேழ்வரகு போட்டேன். அவள் "அம்மா சல்லகா சூடாலி", அம்மன் குளிரப் பார்க்கட்டும் என்று வாழ்த்திவிட்டுப் பக்கத்துக் குடிசைக்குப் போனாள். நான் அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டேன்.

அன்று மத்தியானத்திலிருந்து பக்கத்துக் குடிசையில் கடப்பாரைச் சத்தம் கேட்டது. தரை மெழுக மண்ணைக் கொத்துகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். மறுநாளும் கேட்டது. மூன்றாவது நாளும் கேட்டது. நான்காவது நாள் அவள் புருஷன் வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து என் வீம்பு போய்விட்டது.

"இன்னா நைனா, இன்னா சத்தம் உள்ள?"

"அத ஏன் கேக்குற? நான் ஏரு ஓட்டப் போன நேரத்துல வெதநெல்லு பூராவும் கொட்டிட்டா" என்றான். அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியாத ஒரு குரல். "அம்மனே வந்துச்சாம்."

உள்ளே போனேன். அவள் தொடையளவு பள்ளத்தில் நின்றுகொண்டிருந்தாள். சுவரோரம் மண் குவிந்து கிடந்தது. வெறும் பானை ஒரு பக்கம் கவிழ்ந்து கிடந்தது, மஞ்சளும் குங்குமமும் இன்னும் அதில் இருந்தன. அவள் உள்ளங்கை இரண்டும் கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கோபமெல்லாம் மறந்து சிரித்தாள்.

"யக்கா, அவளே வந்தா யக்கா. அதே மஞ்சத் துணி, அதே சட்டி. நான் கூழு குடுத்தேன், அவ பானையப் பாத்தா. அப்பிடியே பாத்துக்கினே நின்னா. எனக்குப் புரிஞ்சிபோச்சி."

பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொன்ன கதை பொய், படத்தில் அப்படி இல்லை, கடைசியில் எல்லாரும் விதையும் இல்லாமல் சோறும் இல்லாமல் பட்டினி கிடப்பார்கள், அது சிரிப்பதற்காக எடுத்த படம், நம்மை மாதிரி ஜனத்தைப் பார்த்து டவுன்காரர்கள் சிரிப்பதற்காக எடுத்தது என்று சொன்னேன். வந்தவள் பள்ளிப்பட்டுக்காரி, என் வீட்டிலும் பிச்சை வாங்கினாள் என்றும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"மேலத் தெருக்காரி கூட இப்பிடித்தான் சொன்னா. மறுநாள் ஆட்டம் பாத்தாளாம். பொறாமை புடிச்சவ" என்றாள். "யக்கா, நீ அன்னிக்குச் சொன்னப்ப உன் கொரலு எங்கேர்ந்து வந்துச்சி தெரியுமா? தெரைக்குப் பின்னால இருந்து வந்துச்சி. அம்மன் பேசுன அதே எடத்துலருந்து. நீ பொய்யி சொல்ல நெனைச்சாலும் அங்க பொய்யி வருமா?"

"அது ஸ்பீக்கருடி, பைத்தியம்! பொட்டிடி அது!"

"சரி சரி, நீ பயப்படாத. உனக்குப் பங்கு இல்லாமயா?" என்று சொல்லி என் கன்னத்தை மண் கையால் தடவினாள். மறுபடியும் கடப்பாரையைத் தூக்கினாள்.

அவள் புருஷன் பிச்சை வாங்கிப் போனவளைத் தேடிப் பள்ளிப்பட்டு வரைக்கும் நடந்து போனான். கூழ் ஊற்றி முடிந்துவிட்டது, நெல்லைக் குத்திக் காய்ச்சி ஊரே குடித்துவிட்டது என்றார்களாம். அவர்கள் மேல் தப்பு இல்லை. அம்மனுக்கு ஒருத்தி மனசாரக் கொடுத்தாள், அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். மிச்சமிருந்த இரண்டு படி நெல்லைத் திருப்பிக் கொடுத்தார்கள், விதைக்கு அது காணாது, அதை வழியிலேயே ஒரு கடையில் போட்டுச் சோளம் வாங்கி வந்தான்.

நாற்று விடுகிற நாள் தாண்டிக்கொண்டிருந்தது. நான் ஊருக்குள் நாலு வீடு ஏறி விதை கேட்டேன். என் வாய்க்குப் பயந்து வழி விடுகிற ஊர், அன்றைக்கு என்னை வாசலிலேயே நிறுத்தியது. விதையை வெளியே கொடுத்த வீட்டுக்கு விதை கொடுத்தால், கொடுத்தவன் வீட்டு விதையும் பின்னாலேயே போய்விடும் என்று அங்கே ஒரு நம்பிக்கை. "காசு கேளு, கூழு கேளு, வெதைய மட்டும் கேக்காத தாயி" என்று ஒருத்தி கையெடுத்துக் கும்பிட்டாள். நான் அவர்களைத் திட்டாமல் வெறுங்கையோடு திரும்பினேன்.

நிலத்துக்காரர் வந்தார். உள்ளே வந்து பள்ளத்தைப் பார்த்தார், பானையைப் பார்த்தார். திட்டவில்லை. "வெதையக் கொட்டுன கையி என் நெலத்துல எறங்கக் கூடாதுப்பா. தப்பா நெனைக்காத" என்றார். புருஷன் காலில் விழுந்தான். அவர் விலகி நின்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் அந்த அரைக் காணியில் வேறு ஒருத்தன் ஏர் பூட்டினான். அவள் குடிசை வாசலிலிருந்து பார்த்தால் அது நேராகத் தெரியும்.

அவள் அப்போதும் அழவில்லை. தோண்டுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். புருஷன் கடப்பாரையை விற்றுவிட்டான், அதனால் நிறுத்தினாள். ஆவணியில் இரண்டு நாள் விடாமல் மழை அடித்தது. இரண்டு வருஷம் வராத மழை, அன்றைக்கு வந்தது. பள்ளத்தில் தண்ணீர் நின்று, அடி ஊறி, அந்த மண் சுவர் அப்படியே உட்கார்ந்துவிட்டது. அவர்கள் வெளியே ஓடி வந்ததால் உயிர் தப்பியது. ஏரி நிறைந்து கலங்கல் வழிந்தது. ஊரெல்லாம் நாற்று நட்டார்கள்.

நாங்களும் மழைக்காகக் கொட்டகையைப் பிரித்துக்கொண்டிருந்தோம். பட்டணத்தில் கட்டட வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவர்கள் இரண்டு பேரும் கிளம்பினார்கள். நான் ஸ்டேஷன் வரைக்கும் போனேன். ஒரு மூட்டை, ஒரு சட்டி, ஒரு பாய், அவ்வளவுதான் சாமான். அந்த விதைப்பானையைத் தூக்கி வரவில்லை. ரயிலுக்காக உட்கார்ந்திருந்தபோது, அன்றைக்கு டிக்கெட்டைக் கிழித்ததற்கு மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கு வராத வார்த்தை அது. நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது அவள் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"யக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கட்டா? படத்துல அவ எவ்ளோ ஆழம் தோண்டுனா? அந்த எடத்துல பிலிம் அறுந்துபோச்சி, நான் பாக்கல. நீதான் முழுசா பாத்தியே."

புருஷன் காதில் விழாமல் குசுகுசுவென்று கேட்டாள். அவள் கண்ணைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அவள் எப்போதோ தாண்டிப் போய்விட்ட ஆழம் அது, அங்கே ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அவள் கையால் கொட்டிய நெல்லுக்கும், நிலத்துக்கும், சுவருக்கும் ஒரு காரணமும் இல்லை என்று அர்த்தம். கையில் ஒன்றுமே இல்லாமல் ரயில் ஏறப் போகிறவளிடமிருந்து அதையும் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. மைக்கைப் பிடித்து நின்ற அன்றைக்கும் இதே மாதிரிதான் மனசு வரவில்லை. எனக்குப் புத்தியே வராது.

"ஆளு ஒசரம்" என்றேன்.

அவள் முகம் தெளியும் என்று நினைத்தேன். அவள் தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தாள். பிறகு நெற்றியில் அறைந்துகொண்டாள்.

"ஐயையோ யக்கா, நான் இடுப்போட வுட்டுட்டேனே! ஒரு நாளு, இன்னும் ஒரு நாளு தோண்டியிருந்தா..."

அதுவரைக்கும் அழாதவள் அப்போதுதான் அழுதாள். வண்டி வந்து, ஏறி உட்கார்ந்த பிறகும் புருஷனின் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள், ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கடப்பாரையை ஏன் விற்றாய், ஏன் விற்றாய் என்று கேட்டு அவனை அடித்தாள். அவன் என்னைப் பார்த்தான். வண்டி நகர்ந்துவிட்டது.

படத்தில் அவள் தோண்டியது முழங்கால் ஆழம்தான்.